தீம் பார்க்கலாம்

பிள்ளைகளே, தமிழில் "இல்லை" என்று சொல்வதற்குப் பல சொற்கள் இருக்கின்றன. அவற்றிலேயே மிகவும் மரியாதையான சொல் "பார்க்கலாம்".

இதைப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா என்பதால் இந்த ஒரு சொல்லில் நல்ல பயிற்சி உண்டு. சைக்கிள் வேண்டும் என்றால், பார்க்கலாம். நாய்க்குட்டி வளர்க்கலாமா என்றால், பார்க்கலாம். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னால் இனிமேல் இந்தப் பேச்சை எடுக்காதே என்று பொருள். "அம்மாவைக் கேட்டுப் பார்க்கலாம்" என்றால் அம்மா எப்படியும் வேண்டாம் என்பாள், கெட்ட பெயர் அவளுக்கே போகட்டும் என்று பொருள்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு டூ வீலர் உதிரி பாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். அங்கே இந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதே இல்லை. கிளட்ச் கேபிள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. "பார்க்கலாம்" என்றால் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு அடுத்த கடை கிடையாது. அதனால்தான் அப்பாக்கள் அந்தச் சொல்லை வீட்டுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.

என் மகன் எட்டாவது முடித்திருந்தான். அவனுக்கு இந்தச் சொல்லின் பொருள் எப்போதோ தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கும்போதே, "ம், பார்க்கலாம், அதானே?" என்று எழுந்து போய்விடுவான். மகள் ஒன்றாவது முடித்திருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் இந்தக் கதை நடந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிச்சூர் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. நான் கீழே தெரு வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டு செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தேன். மகள் மாடியில் எங்கள் வீட்டிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நாம தீம் பார்க் போலாமா?"

செயினில் இருந்து கண்ணை எடுக்காமல், "பார்க்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து ஒரு குதி குதித்தாள். தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கீழ் வீட்டு வாசலில் அவள் குரல், தெரு முழுக்கக் கேட்கும்படி:

"எங்கப்பா தீம் பார்க்கலாம்னு சொல்லிட்டாரு!"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் காதில் அது ஒரு சொல் அல்ல, இரண்டு. பார்க், போகலாம். இரண்டையும் சேர்த்து அப்பா வேகமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்ல முடியாது. நீங்களே ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

அவள் ஏன் கீழ் வீட்டுக்கு ஓடினாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவள் வயதில் ஒரு சிநேகிதி இருக்கிறாள். பரீட்சை முடிந்த வாரமே அவளை தீம் பார்க்குக்கு அழைத்துப் போயிருந்தார்கள். உள்ளே போகும்போது மணிக்கட்டில் ஒரு ஆரஞ்சு நிறப் பட்டை ஒட்டிவிடுவார்களாம். அந்தப் பெண் அதைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கையிலேயே இருந்தது. அழுக்கேறி, நார் நாராகப் பிரிந்து, பார்க்க காயத்துக்குக் கட்டிய துணி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அதுதான் அந்தத் தெருக் குழந்தைகளுக்கு மெடல். அதைக் கட்டியிருந்தவள் சொல்வதுதான் எல்லா விளையாட்டிலும் சட்டம்.

நான் "பார்க்கலாம்" என்ற அந்த நாளிலிருந்து என் மகள் இடது கையில் வளையல் போடவில்லை. திருவிழாவில் அம்மா வாங்கித் தந்த சிவப்பு வளையலை இரண்டு கைக்கும் சேர்த்து வலது கையிலேயே அடுக்கிக்கொண்டாள்.

"என்னடி இது, ஒரு கை மொட்டையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இது பட்டைக்கும்மா. ஸ்கூல் தொறக்கும்போது நானும் கட்டிக்கினு போவேன்."

அந்த வெறும் மணிக்கட்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சோறு பரிமாறும்போது தெரிந்தது, படம் வரையும்போது தெரிந்தது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதைவிட அது மோசம். கடன் கொடுத்தவராவது சில நேரம் வீட்டுக்குப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கீழ் வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு வழி மறித்தார்.

"இன்னா சார், தீம் பார்க்காமே? சொல்லவே இல்ல!"

"பார்க்கலாம்னு இருக்கோம்க்கா."

"அதான் சார் கொயந்த சொல்லிச்சு. போங்க, போங்க. நல்லா கீது. ஆனா தண்ணில வேட்டி கீட்டிலாம் உட மாட்டான். நைலான் துணி தான். எங்க வூட்டுக்காரரு லுங்கியோட போயி அசிங்கமா பூட்ச்சு."

பாருங்கள், நான் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. இந்தச் சொல்லின் பெருமையே அதுதான். ஆனால் இந்த முறை தெருவே அதை மெய் என்று எடுத்துக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நானும் மனைவியும் போவதென்று முடிவு செய்தோம். முடிவு செய்தவுடனே கிளம்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெரியவர்கள் அப்படி எதையும் செய்வதில்லை. நாங்கள் முதலில் திட்டம் போடுவோம். திட்டம் என்பது ஒரு காரியத்தைச் செய்யாமலே அதில் களைத்துப் போவதற்கான வழி.

என் மனைவியின் தம்பி கீழ்க்கட்டளையில் இருக்கிறான். கம்பெனி வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். வீட்டில் சட்டை போடாமல் இருக்கும்போதுகூட அது தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மனைவி அவனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"மாமா, நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. நான் பார்த்துக்கறேன்" என்றான் மச்சான்.

பிள்ளைகளே, "பார்த்துக்கறேன்" என்பது "பார்க்கலாம்" என்பதற்குத் தம்பி. குணம் அதேதான், உயரம் மட்டும் கொஞ்சம் கம்மி.

மச்சான் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான். எங்கள் இரண்டு வீடு, அவன் மாமனார் வீடு, கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் மனைவியின் சித்தி வீடு என்று சொந்தம் முழுவதையும் அதில் சேர்த்தான். கூட்டமாகப் போனால்தான் ஜாலி, வேனுக்கும் கட்டுப்படியாகும் என்றான். மறுநாள் காலையில் குரூப்பைத் திறந்தால் முப்பது குட் மார்னிங் ரோஜாப்பூ. தீம் பார்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு அவன் எந்தத் தேதி வசதி என்று ஓட்டெடுப்பு வைத்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்திருந்தான். எல்லோரும் எல்லாத் தேதிக்கும் ஓட்டுப் போட்டார்கள். யார் மனதையும் நோகடிக்கக் கூடாதல்லவா! ஓட்டெல்லாம் எண்ணிப் பார்த்ததில் நான்கு தேதியும் சமம். மச்சான் அதை ஒரு வட்டப் படமாகப் போட்டு அனுப்பினான். படம் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வசதிகள் வெளியே வந்தன. முதல் ஞாயிறு சித்தி வீட்டில் ஒரு வளைகாப்பு. இரண்டாவது ஞாயிறு அமாவாசை. அன்று தலைக்குக் குளித்துப் படைக்க வேண்டும், நீச்சல் குளத்தில் குளித்தால் கணக்கில் வராது. மூன்றாவது ஞாயிற்றுக்கு மச்சானின் மாமனார் ஒரு செய்தி போட்டார்: "இந்த வெயிலில் குழந்தைகளைக் கூட்டிப் போவது நல்லதல்ல." அதற்குக் கீழே எல்லோரும் கும்பிடும் கை போட்டார்கள். அதே வாரம் ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்துத் தூறல் விழுந்தது. உடனே அவரே, "மழை வந்துவிட்டது. தண்ணீர் விளையாட்டு வேண்டாம்" என்று போட்டார். அதற்கும் கும்பிடும் கை. வெயிலில் போகக் கூடாது, மழையில் போகக் கூடாது. நம் ஊரில் இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று நான் வானிலை அறிக்கையைக்கூடக் கவனித்துப் பார்த்தேன். இல்லை.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தினமும் காலையில் கேட்பாள்: "அப்பா, இன்னைக்கா?"

"இன்னைக்கு இல்லம்மா."

"ஓகேப்பா." அவ்வளவுதான். இடது கையை ஒரு தரம் தடவிக்கொண்டு போய்விடுவாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்படியே பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. இனி வழியில்லை, இந்த ஞாயிறு போயே ஆக வேண்டும் என்று இருந்தபோது டி.வி.யில் அறிவிப்பு வந்தது. வெயில் குறையாததால் பள்ளி திறப்பு தள்ளிவைப்பு. பிள்ளைகள் எல்லோரும் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். பிள்ளைகளைவிட பெரியவர்களுக்குத்தான் நிம்மதி. மச்சான் குரூப்பில் போட்டான்: "செம! இன்னும் டைம் இருக்கு. அடுத்த வாரம் பிளான் பண்ணிக்கலாம்."

ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. அதை நாங்கள் வீணாக்கவில்லை. முழுவதையும் விவாதத்துக்கே பயன்படுத்தினோம்.

முதல் விவாதம் சாப்பாடு. பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. என் மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் பல்லாவரத்தைத் தாண்டிப் போனதில்லை. "வேன்லயே வச்சுட்டு வெளிய வந்து சாப்பிட்டுட்டு உள்ள போலாம்" என்றாள். வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்றான் மகன். "அப்ப உள்ள போறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுடலாம்" என்றாள். காலை பத்தரைக்கு மதியச் சாப்பாடு என்று தீர்மானமாயிற்று.

இரண்டாவது விவாதம் சூலம். நாள்காட்டியில் ஒவ்வொரு கிழமைக்கும் எந்தத் திசையில் பயணம் ஆகாது என்று போட்டிருக்கும், அதுதான் சூலம். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். மனைவி என்னைக் கேட்டாள், "பார்க் எந்தப் பக்கம்?"

மச்சானுக்குப் போன் போட்டோம். அவன் மேப்பைத் திறந்து பார்த்து, "தெக்கால போயி அப்படியே கிழக்கால திரும்புதுக்கா. நோ ப்ராப்ளம்" என்றான்.

"போறதுக்கு சரி. திரும்பி வர்றது?"

"திரும்பி வர்றது... மேற்கு."

"பார்த்தியா?" என்றாள் மனைவி, என்னைப் பார்த்து. தீம் பார்க்கை அந்த இடத்தில் கட்டியதே நான் என்பது போல.

நாள்காட்டியே பரிகாரமும் போட்டிருக்கிறது. மேற்கே சூலத்துக்கு வெல்லம். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷம் இல்லை. ஆக, போகும்போது வெல்லம் வேண்டாம், வரும்போது வேண்டும். வெல்லமோ வெளிச் சாப்பாடு. உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் என் மனைவி ஒரு சின்னப் பொட்டலம் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

அந்தக் கடைசி ஞாயிறும் வந்தது. மறுநாள் பள்ளி. வேன் ஏழு மணிக்கு வருவதாகப் பேச்சு. மகள் விடியும்போதே எழுந்து, அண்ணனுடைய பழைய நைலான் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். டி-ஷர்ட் அவளுக்கு முழங்கால் வரை வந்தது. கீழ் வீட்டுச் சிநேகிதி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அனுபவசாலியாகப் பேசிக்கொண்டிருந்தாள். "பட்டைய இறுக்கமா ஒட்டச் சொல்லு. லூசா ஒட்டுனா அவுந்துடும்."

ஏழு தாண்டியும் வேன் வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், தப்பா நென்ச்சிக்காதீங்க சார். முகூர்த்த நாள் சார். கல்யாண பார்ட்டிய எறக்க வந்தேன், மண்டபத்துலயே மாட்டிகினேன். பேஜாரா பூட்ச்சு சார். மத்தியானத்துக்கா வர்ட்டா?"

நாங்கள் அமாவாசை பார்த்தோம், சூலம் பார்த்தோம். முகூர்த்தம் பார்க்க மறந்துவிட்டோம். பெரியவர்கள் திட்டம் போட்டால் எப்போதும் ஒரு கட்டம் மட்டும் விட்டுப்போகும்.

மச்சானுக்குப் போன் போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தான்.

"அய்யோ மாமா, வேன் வரலியா? சரி விடுங்க, என் மாமனாருக்கும் லேசா தலவலி. நெக்ஸ்ட் வீக் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு ஸ்கூல்டா."

"அப்ப காலாண்டு லீவ்ல பார்க்கலாம் மாமா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோருக்கும் கேட்டது. மகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். போகிற போக்கில் தங்கச்சியிடம் சொன்னான்: "ஏய் லூசு, டிரஸ்ஸ மாத்து. போகல."

"மாமா பார்க்கலாம்னு தான சொன்னாரு?"

"அதான் சொல்றேன். பார்க்கலாம்னா இல்லன்னு அர்த்தம். அப்பா உன்கிட்ட மொதல்ல சொன்னதும் அதான். உனக்குத்தான் புரியல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் தெரியாத பாடத்தை டீச்சரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"பார்க்கலாம்னா இல்லையாப்பா?"

பிள்ளைகளே, கவுண்டரில் எத்தனையோ கஷ்டமான வாடிக்கையாளர்களைச் சமாளித்திருக்கிறேன். இதற்கு என்னிடம் சரக்கு இல்லை. ஆமாம் என்றால் அவள் ஒரு மாதமாக நம்பிய ஒரு சொல் போச்சு. இல்லை என்றால் அந்தச் சொல்லை நான் காப்பாற்ற வேண்டும். கீழ் வீட்டுப் பெண் வேறு தன் நார்ப் பட்டையைத் திருகிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பார்க்கலாம்னா பார்க் போலாம்னு அர்த்தம்" என்றேன். "கிளம்பு. பஸ்ல போறோம்."

மனைவி சமையலறையில் இருந்து, "பஸ்லயா? இவ்ளோ புளிசாதத்த என்ன பண்றது?" என்றாள். வேன் நிறைய ஆட்களுக்குக் கிளறியிருந்தாள். பாதியைக் கீழ் வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். மீதியை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் கிளம்பினோம். தாம்பரத்தில் ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ், கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. ஒரு மாதம் பேசிய பயணம் அரை நாள்கூட ஆகாமல் முடிந்தது. பார்க் வாசலுக்கு எதிரே புங்க மர நிழலில் உட்கார்ந்து, தீர்மானத்தின்படி பத்தரைக்கே மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். எங்களைப் போலவே இன்னும் நாலைந்து குடும்பங்கள் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. எல்லா டப்பாவிலும் புளிசாதம்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். காவலாளி என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"வெல்லம்."

"எதுக்கு?"

"திரும்பிப் போறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேற்கயா சார்?" என்றார்.

"ஆமா."

"சரி, போங்க."

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எல்லோர் கையிலும் பட்டை ஒட்டினாள். இந்த முறை பச்சை நிறம். மகள் இடது கையை நீட்டி, "இறுக்கமாக்கா" என்றாள். அதற்குப் பிறகு பெரிய ராட்டினம், தலைகீழாகச் சுழலும் வண்டி எதையும் அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, பட்டை நனைகிறதா, கிழிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். நனைந்தது. கிழியவில்லை. மகன் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் "சுமார்" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினான். என் மனைவி நைலான் சுடிதாரில் செயற்கை அருவிக்கு அடியில் போய் நின்றவள், நான் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

மச்சான் போன் பண்ணினான். "மாமா, எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"பார்க்ல."

"என்னத்த பார்க்கல?"

"பார்க்லடா, பார்க்ல!"

"அதான், என்ன மாமா பார்க்கல?"

வைத்துவிட்டேன். சில பேருக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது.

நாலு மணிக்கு வானம் கறுத்து இடி இடித்தது. விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரில் இருந்து வெளியேற்றினார்கள். மச்சானின் மாமனார் சொன்னது ஒரு வழியாகப் பலித்துவிட்டது. ஈரத் துணியோடு பஸ் ஸ்டாப்பில் நின்று, மேற்குப் பக்கம் திரும்பி, ஆளுக்கு ஒரு கிள்ளு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டோம். நனைந்த வெல்லம். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கு அவள் இடது கையை வீசி வீசி நடந்து போனாள். பச்சைப் பட்டையும் ஆரஞ்சுப் பட்டையும் கைகோத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பின. அன்றைக்கே தெருவில் விளையாட்டுச் சட்டங்கள் பாதி மாறிவிட்டதாகக் கேள்வி.

அந்தப் பட்டை அதற்குப் பிறகும் இறங்கவில்லை. குளித்தாள், சாப்பிட்டாள், மண்ணில் விளையாடினாள். பச்சை போய் ஒரு மாதிரியான நிறம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பார் வாசம் அடித்தது. ஒரு நாள் சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கண்ணு, நாறுதும்மா. அப்பா நைசா வெட்டி எடுத்துடட்டுமா?"

அவள் ஹோம்வொர்க் நோட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பார்க்கலாம்ப்பா" என்றாள்.